பூட்டி வைத்த போனும் பிறந்த வீட்டுக் கோடியும்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்குரியவர் ஞானசேகரன், பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மகேஸ்வரி. மகன் இளவரசு, சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மருமகள் காயத்ரி. ஐந்தாவது ஆள் உத்திராபதி. ஞானசேகரனின் சித்தப்பா மகன், பங்காளி, அடுத்த தெருக்காரர். கடலூர் முதுநகரில் இன்னும் சிலர் தாங்களும் அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் இல்லை.

பேச்சு வந்ததற்குக் காரணம் ஞானசேகரனின் கட்டைவிரல். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்குப் போன்தான் ஆபீஸ். விடிந்ததும் கண்ணாடியைத் தேடுமுன் போனைத் தேடுவார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சொம்பின் மேல் அது சாய்ந்து நிற்கும். ஊற்றியது குழம்பா ரசமா என்று தெரியாமலே சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஆயுசெல்லாம் ஏரி மதகுகளில் நீர்மட்டம் பார்த்த கண், இப்போது யாரோ ஒருவன் எங்கேயோ தேங்காய் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. குடும்பத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அந்த வாரம் காயத்ரியின் அப்பா அறிவழகனுக்கு அறுபது முடிந்து திருக்கடையூரில் சாந்தி செய்தார்கள். மாலையும் கழுத்துமாக அவர் உட்கார்ந்திருக்கும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டார்கள். பக்கத்தில் அவர் மனைவியும் இருந்தார்தான். ஆனால் திறக்காமல் பார்த்தால் அறிவழகனின் முகமும் மாலையும் மட்டும் தெரியும். ஞானசேகரன் திறக்கவில்லை. ‘ஆழ்ந்த இரங்கல். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன்’ என்று அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

சம்பந்தியே சொன்னபின் சந்தேகம் ஏது? சொந்தம் முழுக்க இரங்கல் தெரிவிக்கத் தொடங்கிவிட்டது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர் அறிவழகன் வீட்டுக்கே போன் போட்டு, “எப்ப எடுக்குறீங்க?” என்று கேட்டார்.

“யாரை?” என்று கேட்டவர் அறிவழகன்.

அந்த விஷயமாகத்தான் அன்று கூடத்தில் பேச்சு. காயத்ரியின் முகம் வீங்கியிருந்தது.

“எங்கப்பா சிரிச்சிகிட்டுதான் மாமா சொன்னாரு. ‘உன் மாமனார் எனக்குப் பால் ஊத்திட்டாரும்மா’ன்னாரு. எங்கம்மாதான் போனையே வாங்கல.”

ஞானசேகரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்திராபதி காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

“விடும்மா. அண்ணன் மேல தப்பில்ல. வெரலு பழகிடுச்சு. செக்கு மாடு மாதிரி அது தானா சுத்தும். அண்ணனாலயே நிறுத்த முடியாது.”

“யாரால முடியாது?” என்றார் ஞானசேகரன்.

“சும்மா சொன்னேன்ணே. ஒரு வேளை சோறு இல்லாம நீ இருந்துடுவ. அது இல்லாம இருப்பியா?”

“ஞாயித்துக்கெழம விடிஞ்சதுலேருந்து விளக்கு வெக்கிற வரைக்கும் தொட மாட்டேன். அணைச்சி பீரோவுல வெச்சிப் பூட்டி, சாவி காயத்ரிகிட்ட. போதுமா?”

“அவசரமா யாராச்சும் கூப்புட்டா?”

“எழவே வுழுந்தாலும் தொட மாட்டேன்.”

“வாயக் கழுவுங்க!” என்றார் மகேஸ்வரி. இளவரசு அப்பாவையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். உத்திராபதி ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினார். அவ்வளவுதான் அன்று நடந்தது.

அந்தக் குடும்பத்தில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற ஆள் பிறந்ததில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை ஞானசேகரன் பட்ட பாட்டை மகேஸ்வரி மட்டும்தான் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போகும். வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பும். பேப்பரை விரித்தால் கட்டைவிரல் அதன்மேல் கீழிருந்து மேலாக ஒருமுறை இழுத்துவிடும். மத்தியானம் பீரோவுக்கு எதிரில் போய் நின்றார். “என்ன வேணும்?” என்று மகேஸ்வரி கேட்டதற்கு, “கண்ணாடியில முகம் பாக்குறேன்” என்றார். எதிலும் கை நிலைக்காமல் தேங்காய் நார் கிழித்தார், வாசல் குழாயைக் கழற்றி மாட்டினார். விளக்கு வைத்ததும் காயத்ரி சாவியை நீட்டியபோது, உடனே வாங்கினால் கௌரவம் போய்விடும் என்று கொஞ்சம் பொறுத்து வாங்கினார்.

அடுத்த வாரம் கொஞ்சம் சுலபமாயிற்று. அதற்கடுத்த வாரம் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் வித்தியாசம் பார்த்து வாங்க, அவரே பையைத் தூக்கிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனார். கூடை முன்னால் குந்தி, செவுளைத் தூக்கிப் பார்த்து, நாலு வார்த்தை திட்டு வாங்கி, அதில் பாதி திருப்பிக் கொடுத்து வாங்கும்போது மனுஷனுக்கு ஒரு தெம்பு வந்தது. வார நாள்களில்கூட சாப்பிடும்போது போன் சொம்பை விட்டு இறங்கியது. படுக்கைக்குப் பக்கத்தில் அலாரம் கடிகாரம் வந்தது. சம்பந்தி அம்மாளை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவதற்காக அரக்கு நிறத்தில் ஒரு சேலையும் சரிகை வேட்டியும் எடுத்து அதே பீரோவில் வைத்தார்கள். நாள் பார்த்துப் போவதுதான் பாக்கி.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மார்க்கெட்டில் குப்புவின் கூடையில் கிழங்கா மீன் துள்ளாத குறையாக இருந்தது. ஞானசேகரன் பையை விரித்துப் பிடித்தார். குப்பு மீனைப் போட்டுவிட்டு, கையைக் கழுவாமலே அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஓவர்சீயரய்யா, ஒண்ணு கேக்கட்டா? உங்க வூட்ல துக்கமில்ல? இன்னா, பையத் தூக்கிகினு வந்துட்ட?”

“என்ன துக்கம்?”

“உத்திராபதி வூட்டம்மா வெள்ளன போன் பண்ணிச்சே. கீரப்பாளையத்துப் பக்கம் நாத்தனா செத்துப் போச்சி, இன்னிக்கி எறா வேணாம்னு சொல்லிச்சி. உனுக்கு அக்கா முறையில்ல?”

பக்கத்துக் கூடைக்காரிகள் பேச்சை நிறுத்தினார்கள். மீன் வெட்டுகிறவன் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கினான். கீரப்பாளையத்துப் பக்கம் அந்தக் குடும்பத்துக்கு ஒரே பெண்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முறை அக்கா இல்லை, ஞானசேகரனின் கூடப் பிறந்த அக்கா ராமாமிர்தம். உடம்பொறந்தவள் செத்துக் கிடக்க, தம்பி மீன் பையோடு நிற்கிறான். அதை மார்க்கெட்டே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் பையைக் கூடையிலேயே கவிழ்த்தார். ஒரு மீன் மண்ணில் விழுந்தது.

“தெரியாதாய்யா உனுக்கு?” என்றாள் குப்பு, இந்த முறை குரலைத் தாழ்த்தி. “யாருமே சொல்லலியா? ஐயோ, என் வாயாலயா கேக்கணும்!”

வரும் வழியில் உத்திராபதி வீடு. கதவு பூட்டியிருந்தது. வாசலில் கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும் மகேஸ்வரி எழுந்துவிட்டார். “அக்கா போயிட்டா” என்று மட்டும் சொன்னார் ஞானசேகரன். பிறகு காயத்ரியிடம் கையை நீட்டினார்.

காயத்ரி சாவியைக் கையில் வைத்தபடி ஒரு கணம் நின்றாள். எழவே விழுந்தாலும் என்று சொன்ன வாய் அவர் வாய். கேட்ட காதுகளில் ஒன்று அவளுடையது.

“தொறந்துடும்மா” என்றார் அவர். “நான் சொன்னது எனக்குத் தெரியும்.”

போனை உயிர்ப்பித்ததும் அது கையில் நிற்காமல் துடித்தது. அக்கா மகன் பாலகுமார் விடிந்தது முதல் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். மகேஸ்வரி போன் வைத்துக்கொள்வதில்லை; காயத்ரியின் நம்பர் அவனிடம் இல்லை, குடும்ப குரூப்பிலும் மருமகள்களைச் சேர்ப்பதில்லை. ஞானசேகரன் திருப்பிக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எழவு வீட்டில் பறைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது? குடும்ப குரூப்பைத் திறந்தார். உத்திராபதி எழுதியிருந்தது மேலேயே இருந்தது:

‘நம் குடும்பத்து மூத்த பெண்மணி ராமாமிர்தம் அம்மாள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார். எமகண்டத்துக்கு முன் எடுக்கிறார்கள். அண்ணன் ஞானசேகரன் ஞாயிறன்று போனைப் பூட்டி வைத்துவிடுவதால், பிறந்த வீட்டுக் கோடியைக் குடும்பத்தின் சார்பில் நானே கொண்டு செல்கிறேன்.’

மகேஸ்வரி எட்டிப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கடைசியில் போர்த்தும் கோடித் துணிகளில் முதலாவது பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். அதைக் கூடப் பிறந்தவன் கையால் போடவேண்டும். அவன் இருக்கும்போது பங்காளி போட்டால், அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஆள் அற்றுப்போயிற்று என்று பொருள். இல்லையென்றால் உடம்பொறந்தவன் அவளைக் கைகழுவிவிட்டான் என்று பொருள். இரண்டில் எதைச் சொன்னாலும் அதோடு அந்த வீட்டுத் தலைமகன் என்ற இடம் போய்விடும். பிறகு கல்யாணம் காதுகுத்து எதிலும் வெற்றிலை முதலில் அடுத்த தெருவுக்குத்தான் போகும். அதைவிடவும் ஒன்று இருந்தது. “என் கட்டைமேல மொதல்ல உன் துணி படணும்டா” என்று ராமாமிர்தம் போன பொங்கலுக்குச் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் அப்போதும் போனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டியிருந்தார்.

“கோடி எடுக்கணும்” என்றார். “கடை?”

“இந்நேரத்துக்கு எந்தக் கடை மாமா தொறந்திருக்கும்?” காயத்ரி ஏற்கெனவே பீரோவுக்குள் கையை விட்டிருந்தாள். மடிப்புக் கலையாத அரக்குச் சேலை அவள் கையில் இருந்தது. “இது புதுசுதானே.”

“அது உங்கம்மாவுக்கு எடுத்தது.”

“எங்கம்மாவுக்கு வேற எடுத்துக்கலாம். கெளம்புங்க. நான் வண்டி எடுக்குறேன்.”

இளவரசு காலை ஷிப்டில் இருந்தான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது அவன் கம்பெனிச் சட்டம். காயத்ரி கேட்டில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுச் சேதி சொல்லி வைத்தாள். மகேஸ்வரி பின்னால் மடியில் சேலையோடு ஏறினார். முன்னால் ஞானசேகரன், கையில் போனோடு.

சிப்காட்டைத் தாண்டும்வரை பாலகுமாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கிடைக்கவில்லை. பிறகு விரல் தானாகக் குரூப்புக்குப் போயிற்று. அங்கே ஒருவர் உத்திராபதிக்குக் கைகூப்பியிருந்தார். இன்னொருவர், ‘காலத்தில் செய்யும் உதவி’ என்று எழுதியிருந்தார். மூன்றாமவர், ‘ஞானசேகரன் அண்ணன் வரமாட்டாரா?’ என்று கேட்டிருந்தார். உத்திராபதி அதற்கு, ‘எழவே விழுந்தாலும் போனைத் தொட மாட்டேன் என்று அண்ணன் என் எதிரிலேயே சொன்னார். அவர் விரதத்தை நாம் குலைக்கக் கூடாது’ என்று பதில் போட்டிருந்தார். அதற்குக் கீழே சிலர் சிரிக்கும் பொம்மை வைத்திருந்தார்கள். எழவுச் செய்திக்குக் கீழே சிரிக்கும் பொம்மை.

ஞானசேகரனுக்குக் காது மடல் சுட்டது. எழுத ஆரம்பித்தார். ‘உத்திராபதிக்கு. உன் அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்தது யார் என்று…’

“மாமா, பாலகுமாருக்கு இன்னொரு தடவ பாருங்களேன்.”

“பாக்குறேன்.”

“யாருக்கு எழுதுறீங்க?”

ஒரு வரி எழுதி அழித்தார். அதைவிடக் காரமாக இன்னொன்று எழுதினார். ஆலப்பாக்கம் போனது தெரியவில்லை. புதுச்சத்திரம் போனது தெரியவில்லை. தலையைத் தூக்காமல், ‘அடுத்த தெருவில் இருந்துகொண்டு’ என்று அடித்துக்கொண்டிருந்தபோது, எழுத்துகளுக்கு மேல் ஏதோ குறுக்கே வந்து விழுந்தது. பறந்துகொண்டிருந்த கட்டைவிரல் நிற்கவில்லை, சிவப்புப் பொத்தானில் பட்டது. மறைந்தபின்தான் அது என்ன பெயர் என்று மண்டையில் ஏறிற்று.

பாலகுமார்.

“ஐயோ” என்றார்.

“என்ன மாமா?”

“பாலகுமாரு கூப்புட்டான். கட்டாயிடுச்சு.”

“கட்டாயிடுச்சா, கட் பண்ணிட்டீங்களா?”

உடனே திருப்பிக் கூப்பிட்டார். வேறொருவரிடம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி. இப்போது அணைத்தே வைத்துவிட்டான்.

காயத்ரி வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்தினாள்.

“ஏம்மா நிறுத்துற? நேரம் போவுது!”

“போனை அத்தைகிட்டக் குடுங்க.”

“காயத்ரி!”

“அவர் எதுக்குக் கூப்புட்டாரு தெரியுமா மாமா? வர்றீங்களா, வெக்கட்டுமான்னு கேக்கத்தான் கூப்புட்டிருப்பாரு. நீங்க கட் பண்ணிட்டீங்க. என்ன நெனப்பாரு? அது கையில இருந்தா வழியெல்லாம் நீங்க சித்தப்பாகிட்டதான் இருப்பீங்க. உங்கக்காகிட்டப் போவ மாட்டீங்க. குடுத்தாதான் வண்டி நவுரும்.”

அந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. லாரி ஒன்று காரை உலுக்கிக்கொண்டு போயிற்று. ஞானசேகரன் எழுதியதை அழிக்காமலே போனைப் பின்னால் நீட்டினார். மகேஸ்வரி அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். கார் கிளம்பியது.

ஞானசேகரன் முதல்முறையாகச் சாலையைப் பார்த்தார். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. சிதம்பரத்துக்குள் நுழைந்ததும் முகூர்த்த நாள் என்பது தெரிந்தது. கல்யாண மண்டபங்களின் வாசலில் கார்கள் ரோட்டை அடைத்து நின்றன. பட்டுச் சேலைகள் குறுக்கே நடந்தன. நாதசுரக்காரர் ஒருவர் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். வண்டி ஒரு முழம் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. ஞானசேகரனின் வலது கை முழங்காலை விட்டுச் சட்டைப் பைக்குப் போயிற்று. வெறுமையைத் தொட்டது. திரும்ப முழங்காலுக்கு வந்து அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

“எமகண்டம் எப்ப?” என்றார்.

“பன்னெண்டுக்கு” என்றார் மகேஸ்வரி.

யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கீரப்பாளையம் ரோட்டில் திரும்பியபின் காயத்ரி பிடித்த வேகத்துக்கு மகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார். அக்கா ஊர் வயல்களுக்கு நடுவில் இருந்தது. பறைச் சத்தம் கேட்டது. ஆட்டம் கூடிவிட்ட சத்தம். தெரு முனையில் பாடை கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஞானசேகரன் வண்டி நிற்குமுன் கதவைத் திறந்தார்.

பந்தலில் ராமாமிர்தத்தைக் குளிப்பாட்டி, பெஞ்சில் கிடத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அவள் கணவர் வைத்திலிங்கம் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். “பொறந்த வூட்டுக் கோடி வரலாம்!” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் குரல் கொடுத்து முடித்திருந்தார். உத்திராபதி தாம்பாளத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். அதில் பச்சைப் பட்டு, மாலை, தேங்காய்.

“நில்லு” என்றார் ஞானசேகரன்.

பறை தானாக நின்றது.

உத்திராபதி திரும்பினார். முகத்தில் ஒரு நொடி ஏதோ தடுமாறி, உடனே சரியாயிற்று. “வாண்ணே! எப்படியோ சேதி வந்துட்டுதா? பாவம், அண்ணன் போனப் பூட்டி வெச்சிருந்தாரு, அவருக்குத் தெரியாது” என்று பந்தலைப் பார்த்துச் சொன்னார். “அதான் குடும்பத்து மானம் போவக் கூடாதுன்னு நான்…”

“பூட்டி வெச்சிருக்கல” என்றான் பாலகுமார். மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு முன்னால் வந்தான். கண் சிவந்திருந்தது. “வர்றீங்களா மாமா, உங்களுக்காக நிறுத்தி வெக்கட்டுமான்னு கேக்க நான் கூப்புட்டேன். மணி அடிச்சுது. கட் பண்ணிட்டீங்க. எங்கம்மா பொணமா கெடக்குறா, நீங்க கட் பண்ணிட்டீங்க.”

பந்தல் முழுக்க அவரைப் பார்த்தது. உத்திராபதி ஒரு வழி திறந்து கொடுத்திருந்தார்: போன் பூட்டியிருந்தது, தெரியாது, ஏதோ கோளாறு. தலையாட்டினால் போதும். ஞானசேகரன் தலையாட்டவில்லை.

“காலைல பூட்டியிருந்துது. எனக்குச் சேதி மீன் மார்க்கெட்டுல தெரிஞ்சுது. அப்புறம் தொறந்து எடுத்தேன். நீ கூப்புட்டப்ப என் கையிலதான் இருந்துது. இவனுக்குப் பதில் எழுதிகிட்டு இருந்தேன். வெரலு பட்டுக் கட்டாச்சு. வேற கதை இல்ல.”

“எழவு வுழுந்தாலும் தொட மாட்டேன்னு சொன்ன வாயி…” என்று உத்திராபதி ஆரம்பித்தார்.

“சொன்னேன்” என்றார் ஞானசேகரன். “சொல்லியிருக்கக் கூடாது.”

கூட்டத்தில் ஒரு கிழவர், “அப்படி வாய் வுட்டவன் கோடி போடலாமா?” என்றார். இன்னொருவர், “உடம்பொறந்தவன் இருக்கப் பங்காளிக்கு என்னா வேல?” என்றார். இரண்டு பக்கமும் குரல் ஏறியது. பாடை கட்டியவர்கள் வெயிலை அண்ணாந்து பார்த்தார்கள். மகேஸ்வரி சேலையை நெஞ்சோடு அணைத்தபடி கூட்டத்துக்கு வெளியே நின்றார். வழி விடுவார் இல்லை.

வைத்திலிங்கம் அதுவரை தலையைத் தூக்கவே இல்லை. இப்போது தூக்கினார்.

“உத்திராபதி, உனக்குச் சேதி யாரு சொன்னா?”

“பாலகுமார்தான் மாமா. அண்ணன் எடுக்கல, நீங்க போயிச் சொல்லுங்கன்னு…” சொல்லி முடிக்காமலே உத்திராபதி நிறுத்தினார்.

“போயிச் சொன்னியா?”

“குரூப்புல போட்டேன் மாமா. எல்லாருக்கும் போட்டேன்.”

“சாவு சேதிய வாயால சொல்லணும். உன் வூட்டுக்கும் அவன் வூட்டுக்கும் நடுவுல ஆறா ஓடுது?”

உத்திராபதியின் தாம்பாளம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. பாலகுமார் அவரைப் பார்த்தான். அப்புறம் மாமனைப் பார்த்தான். அவன் முகம் இளகிற்று என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒதுங்கி நின்றான்.

“சண்டைய அப்புறம் வெச்சிக்குங்க. எமகண்டம் வந்துடும்” என்றார் வைத்திலிங்கம். “வா மச்சான். அவ உன்னத்தான் கேப்பா.”

மகேஸ்வரிக்கு வழி விட்டார்கள். ஞானசேகரன் சேலையைப் பிரித்தார். மடிப்பில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் காயத்ரி கிழித்து எடுத்தாள். அரக்குச் சேலை ராமாமிர்தத்தின் மார்பிலிருந்து கால்வரை விரிந்தது. அவர் விரித்ததைச் சரிசெய்ய நெடுநேரம் எடுத்துக்கொண்டார். ஓர் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார், மறுபடியும் நீவினார். அதற்குப் பிறகு பறை எழுந்தது. அதற்கும் பிறகுதான் உத்திராபதியின் பச்சைப் பட்டு, மற்றக் கோடிகளோடு ஒன்றாக.

காரியம் முடியும்வரை ஞானசேகரன் அந்த ஊரிலேயே தங்கினார். போன் மகேஸ்வரியின் பையிலேயே கிடந்து, சார்ஜ் இறங்கி அணைந்துபோயிற்று. பாலகுமார் இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை; மூன்றாம் நாள் பால் தெளித்தபோது, “சாப்புட்டீங்களா மாமா?” என்று கேட்டான்.

கடலூர் திரும்பியதும், இனி இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்தை விட்டுவிடுவார் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். மகேஸ்வரியே அப்படித்தான் சொன்னார். அடுத்த ஞாயிறு விடிந்ததும் அவர் போனைக் காயத்ரியிடம் நீட்டினார்.

“அணைக்கட்டுமா மாமா?”

“அணைக்காத. மணி கேக்குற மாதிரி வெச்சிப் பூட்டு. அடிச்சா நீ எடு, இல்ல உங்கத்தை எடுக்கட்டும். எனக்குன்னா கூப்புடுங்க, பேசுறேன். எழுதுனது எதுவா இருந்தாலும் விளக்கு வெச்சப்புறம்.”

சனிக்கிழமைதோறும் நெருங்கிய சொந்தங்களுக்கு அவரே போன் போட்டுச் சொன்னார்: “நாளைக்கி எழுதாதீங்க. சேதின்னா கூப்புடுங்க. இல்லன்னா வாங்க.” சிலர் சிரித்தார்கள். சிலர் கூப்பிட்டார்கள். பாலகுமார் ஒருமுறை வந்தே விட்டான்; கிழங்கா மீன் குழம்போடு சாப்பிட்டுப் போனான். சம்பந்தி அம்மாளுக்கு வேறு சேலை எடுத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. கட்டைவிரல் இன்னும் சில நாள் வெறும் காற்றில் இழுக்கத்தான் செய்கிறது. அது போக நாளாகும்.

முதுநகரில் ஒரு பேச்சு உலவுகிறது: ஞானசேகரன் போனைப் பூட்டிக்கொண்டு இருந்துவிட்டார், ராமாமிர்தத்துக்கு முதல் கோடி உத்திராபதிதான் போட்டார் என்று. அது பொய். முதல் கோடி ஞானசேகரன் போட்டது, நிறம் அரக்கு. பச்சை பிறகு விழுந்தது.